விழிப்பத் தோன்றாப் பெயர்கள்

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் புரட்டும் பல பட்டியல்களில் வனெஸ்ஸா என்ற பெயருக்கு எதிரே ‘பட்டாம்பூச்சி’ என்று போட்டிருக்கும். சிலவற்றில் ‘கிரேக்கப் பெயர்’ என்றும் சேர்த்திருப்பார்கள். இரண்டுமே சரியில்லை. அந்தப் பெயரைக் கட்டியவர் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட். தனக்கு நெருக்கமாக இருந்த எஸ்தர் வானம்ரி என்ற பெண்ணின் குடும்பப் பெயரிலிருந்து ‘வான்’ என்ற முதல் அசையை எடுத்தார். எஸ்தர் என்பதன் செல்ல வடிவமான ‘எஸ்ஸா’வை அதோடு ஒட்டினார். ஒரு நீண்ட கவிதையில் அவளைச் சுட்ட அவர் செய்துகொண்ட மறைபெயர் அது. எஸ்தர் 1723-இல் இறந்தார். கவிதை 1726-இல் அச்சேறியது. அதற்கும் எண்பது ஆண்டுகள் கழித்து, 1807-இல், பூச்சியியல் அறிஞர் ஃபப்ரீசியஸ் பட்டாம்பூச்சிப் பேரினம் ஒன்றுக்கு வனெஸ்ஸா என்று பெயர் வைத்தார். பெண்ணின் பெயர் பூச்சிக்குப் போயிருக்கிறது. பட்டியல் போட்டவர்கள் பூச்சியிலிருந்து பெண்ணுக்கு வந்ததாகத் திருப்பிவிட்டார்கள்.

சரி, அப்படியானால் வனெஸ்ஸாவுக்கு என்னதான் அர்த்தம்? அதன் பின்பாதியான எஸ்தரைப் பிடித்துக்கொண்டு போனால் அங்கேயும் வழி இரண்டாகப் பிரிகிறது. பாரசீக மொழியில் விண்மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. இஷ்தார் என்ற பாபிலோனியத் தெய்வத்தின் பெயரே திரிந்து இப்படி ஆனது என்பது இன்னொன்று. எந்தப் பக்கமும் தீர்ப்பு வரவில்லை.

இந்த நிலையைப் பேசத் தமிழ் இலக்கணத்தில் இரண்டு அருமையான சொற்கள் இருக்கின்றன. காரணம் தெரிந்த பெயர் காரணப்பெயர். காரணம் தெரியாமல் முன்னோர் இட்டபடியே வழங்கிவருவது இடுகுறிப்பெயர். பறப்பதால் பறவை. மரம் ஏன் மரம் என்றால் பதில் இல்லை. தொல்காப்பியம் இன்னும் நுட்பமாக ஒரு வரி சொல்கிறது: ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா.’ காரணமே கிடையாது என்று அது சொல்லவில்லை. பார்த்த மாத்திரத்தில் வெளிப்பட்டுத் தெரியாது என்கிறது, அவ்வளவுதான். உலகத்தின் ஆட்பெயர்களில் பெரும் பகுதியை இந்த ஒரு வரி கொண்டு அளக்கலாம் என்று நான் நம்புகிறேன். ஒரு காலத்தில் காரணப்பெயராக இருந்தவை மெல்ல இடுகுறிப்பெயராக ஆகிவிடுகின்றன. அப்புறம் அந்த வெற்றிடத்தைப் பொறுக்க முடியாத மனிதர்கள் புதிய காரணம் ஒன்றைச் செய்து உள்ளே வைக்கிறார்கள். பட்டியல்கள் ஒற்றைச் சொல்லில் தரும் ‘அர்த்தம்’ பல நேரம் அந்தச் செய்துவைத்த காரணம்தான்.

மரியாவை எடுத்துக்கொள்ளலாம். மிரியாம், மர்யம், மேரி எல்லாம் இதே பெயரின் உருவங்கள். உலகத்தில் இத்தனை மொழிகளில் இத்தனை பெண்கள் சுமந்த பெயர்கள் குறைவு. ஆனாலும் அதன் பொருள் உறுதிப்படவில்லை. எபிரேயத்தில் ‘மர்’ என்றால் கசப்பு. கணவனையும் மகன்களையும் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பும் நகோமி, இனி என்னை மாரா என்று கூப்பிடுங்கள் என்று சொல்வது இந்தச் சொல்லை வைத்துத்தான். ‘மெரி’ என்றால் கலகம். இப்படியாகக் கசப்பு, கலகம் என்று இரண்டு விளக்கங்கள். வேண்டிப் பெற்ற பிள்ளை என்று மூன்றாவது. பழைய எகிப்திய மொழியில் ‘அன்புக்குரிய’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது என்று நான்காவது. வேதாகமத்தில் மிரியாம் மோசேயின் அக்காள். அந்தக் குடும்பத்தில் பினெகாஸ் என்ற பெயர் தெளிவாகவே எகிப்தியப் பெயர், ‘நூபியன்’ என்று பொருள். அதனால் நான்காவது விளக்கம் எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவதும் நிறுவப்படுவதும் ஒன்றல்ல.

இதில் ஐந்தாவதாக வந்ததுதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக வளர்ந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் எபிரேயப் பெயர்களுக்கு லத்தீனில் ஒரு விளக்க நூல் எழுதினார். ‘மர்’ என்பதற்குத் துளி என்றும் பொருள் உண்டு, ‘யாம்’ என்றால் கடல். ஆகவே மிரியாம் என்றால் கடல்துளி, லத்தீனில் ‘ஸ்டில்லா மாரிஸ்’. அதைப் படியெடுத்த யாரோ ஒருவர் கையில் ‘ஸ்டில்லா’ என்பது ‘ஸ்டெல்லா’ ஆகிவிட்டது என்றே பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஓர் உயிரெழுத்து மாறியதும் துளி விண்மீன் ஆனது. கடலின் விண்மீன் என்று மரியாளைப் பாடும் லத்தீன் துதிப்பாடல் அடுத்த சில நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. கடலோடிகள் புயலில் அந்தப் பெயரைச் சொல்லி வேண்டினார்கள். ஸ்டெல்லா மாரிஸ் என்ற பெயரில் கோயில்களும் கல்லூரிகளும் எழுந்தன. சொற்பிறப்பாக இது பிழை. ஆனால் ஆயிரம் வருடத்துக்கு மேல் இருட்டில் வழி தேடியவர்கள் இந்தப் பெயரில் ஒரு விண்மீனைப் பார்த்திருக்கிறார்கள், அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சொல்லின் மூலம் வேறு, பெயரின் வாழ்க்கை வேறு. இரண்டையும் தனித்தனியே எழுதினால் போதும்.

மூலம் தொலைவதற்கு எளிய காரணம், பெயர் பிறந்த மொழியே செத்துப்போவது. அந்தோணி என்ற பெயரின் ஆதி வடிவம் அன்டோனியஸ், ரோமானியக் குடும்பப் பெயர். அது இத்தாலியின் பழைய எட்ருஸ்கன் மொழியிலிருந்து வந்திருக்கலாம். அந்த மொழியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொறிப்புகள் கிடைத்திருக்கின்றன. எழுத்து கிரேக்கத்தை ஒட்டியது என்பதால் வாசித்துவிடலாம். ஆனால் பெரும்பாலானவை ஆட்பெயர்கள் மட்டுமே கொண்ட சிறு கல்லறை வாசகங்கள் என்பதால் சொற்களுக்குப் பொருள் பிடிபடுவதில்லை. ரோமானியர்களுக்கே இந்த வெற்றிடம் உறுத்தியிருக்கிறது. கிரேக்கப் புராண வீரன் ஹெராக்கிளிஸின் மகன் அன்டோன் என்பவனின் வழிவந்தது ரோமானியத் தளபதி மார்க் அன்டனியின் குலம் என்று ஒரு கதை இருந்ததை, பழங்கால வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதுகிறார். பிற்கால ஐரோப்பியர்கள் கிரேக்கத்தில் பூவைக் குறிக்கும் ‘அந்தோஸ்’ என்ற சொல்லோடு இதை முடிச்சுப் போட்டார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டில் இன்று அந்தப் பெயருக்கு நடுவே நிற்கும் ‘எச்’ அந்த முடிச்சின் தடயம். கேத்தரினுக்கும் இதே கதிதான். கிரேக்கத்தில் ‘ஐகாடெரினே’ என்று தொடங்கிய, மூலம் தெரியாத பெயர் அது. தூய்மையைக் குறிக்கும் ‘கதாரோஸ்’ அதன்மேல் ஏறி உட்கார்ந்து எழுத்துக்கூட்டையே மாற்றிவிட்டது. அர்த்தம் பெயரிலிருந்து வர வேண்டியதுபோய், அர்த்தத்துக்கு ஏற்பப் பெயர் திருத்தப்பட்டிருக்கிறது.

கிரேக்கர்களும் தங்கள் பழம்பெயர்கள் பலவற்றை அறியாமலே வழங்கினார்கள். ட்ராய் போர் வீரன் ஒடிஸியஸுக்குப் பெயர் வைத்த கதையை ஹோமரின் காவியமே சொல்கிறது: தாத்தா ஆட்டோலிகஸ் வீட்டுக்கு வருகிறார், பிறந்த குழந்தையை மடியில் வைத்து, தான் பலரின் கோபத்துக்கு ஆளானவன் என்பதால் கோபம் என்ற வினையை ஒட்டி ஒடிஸியஸ் என்று வைக்கச் சொல்கிறார். அழகான காட்சி. ஆனால் ஏதென்ஸ் பகுதிப் பானை ஓவியங்களில் அதே பெயர் ‘ஒலிஸியஸ்’ போன்ற வடிவங்களில் இருக்கிறது, லத்தீனில் ‘உலிக்ஸெஸ்’. ஒரு பெயருக்குள் ‘ட’வும் ‘ல’வும் இப்படி மாறி மாறி வந்தால், கிரேக்கர் வருவதற்கு முன் அங்கே பேசப்பட்ட ஏதோ ஒரு மொழிச் சொல்லைக் காதில் விழுந்தபடி எழுதப் பார்த்திருக்கிறார்கள் என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள்.

பொருள் ஆய்வு உண்மையில் எப்படி நடக்கிறது என்பதற்கு, ட்ராய் போர்க் கதையின் நாயகி ஹெலனின் பெயர் நல்ல எடுத்துக்காட்டு. ஹெலன் என்றால் நிலவு என்று சிலர் சொல்வார்கள், நிலவுக்கான கிரேக்கச் சொல்லான ‘செலீனி’யோடு ஒலி ஒப்புமை இருப்பதால். ஆனால் ஸ்பார்ட்டாப் பகுதியின் பழைய பொறிப்பில் ஹெலனின் பெயர் ‘வ’ போன்ற ஒலியைக் குறித்த, பின்னால் வழக்கொழிந்த ஓர் எழுத்தோடு தொடங்குகிறது. நிலவுச் சொல்லோ ‘ஸ’ ஒலியில் தொடங்குவது. இரண்டையும் சேர்ப்பது அத்தோடு கடினமாகிவிட்டது. ஒரு சின்ன எழுத்து ஒரு பெரிய அழகான விளக்கத்தை மறித்துக்கொண்டு நிற்கிறது. இதனால்தான் எந்தப் பெயரையும் இன்றைய உருவத்தில் வைத்துப் பிரிக்கக் கூடாது என்கிறார்கள். கிடைப்பதிலேயே பழைய எழுத்து வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரிலிருந்து கதை பிறப்பதும் உண்டு. ட்ரிஸ்டன் என்ற காதல் நாயகனின் பெயர் ஸ்காட்லாந்தின் பழைய பிக்ட் இன அரசர்கள் வைத்துக்கொண்ட ‘ட்ரஸ்ட்’ என்ற பெயரோடும் வேல்ஸ் மொழியின் ‘ட்ரிஸ்டன்’ என்பதோடும் உறவுள்ளது. பிக்ட் மொழி போய்விட்டது, பொருளும் போய்விட்டது. கதை பிரெஞ்சுக்கு வந்தபோது அங்கே ‘ட்ரிஸ்ட்’ என்றால் சோகம். அதனால் கதைக்குள் ஒரு தாய் பிரசவத்தில் இறக்கிறாள், சோகத்தில் பிறந்தவன் என்று பிள்ளைக்கு அந்தப் பெயர் வைக்கிறார்கள். பெயரின் ஓசை ஒரு தாயின் சாவையே எழுதியிருக்கிறது என்று நினைக்கும்போது கொஞ்சம் நடுக்கமாக இருக்கிறது. மோசே விஷயத்திலும் இதே போக்கு. தண்ணீரிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர் என்று வேதாகமத்தின் யாத்திராகமம் எபிரேயச் சொல்லால் விளக்குகிறது. ஆனால் பெயர் வைத்தவள் எகிப்திய இளவரசி. எபிரேய இலக்கணப்படி அந்த வடிவம் ‘எடுக்கப்பட்டவன்’ என்று வராது, ‘எடுக்கிறவன்’ என்றுதான் வரும். தூத்மோஸ், ராம்சேஸ் போன்ற எகிப்திய அரசர் பெயர்களில் உள்ள, பிறப்பைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லே மோசே என்பது பலரின் கருத்து.

இந்திய மரபில் இந்த விவாதம் மிகப் பழையது. எல்லாப் பெயர்ச்சொல்லும் வினையிலிருந்தே பிறந்தவை என்று சாகடாயனர் சொன்னதையும், எல்லாவற்றையும் அப்படிச் சொல்ல முடியாது என்று கார்க்கியர் மறுத்ததையும் யாஸ்கரின் நிருக்தம் என்ற பழைய சமஸ்கிருதச் சொற்பிறப்பு நூல் பதிவு செய்திருக்கிறது. அதே யாஸ்கர் இந்திரன் என்ற பெயருக்கு வந்தபோது ஒரே விளக்கத்தில் நிற்கவில்லை. உணவைப் பிளந்து தருபவன், சோமத்தை நோக்கி ஓடுபவன், உயிர்களைச் சுடரச் செய்பவன் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மேற்காசியாவின் மிட்டானி அரசர் செய்த உடன்படிக்கையில் சாட்சித் தெய்வங்களுள் ஒருவராகவும் இந்தப் பெயர் வருகிறது. அவ்வளவு பழைமை. மூலம் இன்றுவரை முடிவாகவில்லை. யாஸ்கர் பல விளக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தது எனக்கு மிகவும் நேர்மையான முறையாகப் படுகிறது.

துண்டுகளின் பொருள் முழுக்கத் தெரிந்தும் பெயரின் பொருள் இல்லாமல் போகும் விசித்திரம் ஒன்று உண்டு. பழைய ஜெர்மானிய மொழிச் சமூகங்களில் பெயர் இரண்டு துண்டுகளால் ஆனது. இங்கிலாந்தின் வுஸ்டர் நகர ஆயராக இருந்து 1095-இல் இறந்த புனிதர் வுல்ஃப்ஸ்டன். ‘வுல்ஃப்’ ஓநாய், ‘ஸ்டன்’ கல். பட்டியலில் ‘ஓநாய்க்கல்’ என்று போட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் நடந்தது வேறு. அவருடைய அப்பா பெயர் எதெல்ஸ்டன், அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு. அம்மாவிடமிருந்து முன்பாதி, அப்பாவிடமிருந்து பின்பாதி. அந்தப் பெயர் இன்னாருக்குப் பிறந்த பிள்ளை என்று ஊருக்குச் சொன்னது. ஓநாயைப் பற்றியோ கல்லைப் பற்றியோ யாரும் யோசித்திருக்க வேண்டியதில்லை. ஆறாம் நூற்றாண்டு ஃபிராங்க் அரசி ஃப்ரெடெகுண்டின் பெயரில் முதல் துண்டு சமாதானம், இரண்டாவது போர். அதைச் சேர்த்துப் படித்து ‘சமாதானப் போர்’ என்று தத்துவம் தேடுவது வீண்.

எழுத்தில் நேரும் பிழையும் பெயரைப் பெற்றுத் தள்ளும். இமோஜென் என்ற ஆங்கிலப் பெயர் ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ நாடகம் 1623-இல் அச்சானபோது வந்தது. ஆனால் 1611-இல் அந்த நாடகத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதிய சைமன் ஃபோர்மன் நாயகியின் பெயரை ‘இன்னோஜென்’ என்றுதான் எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியரே வேறொரு நாடகத்தின் மேடைக்குறிப்பில் லியோனாட்டோ என்பவரின் மனைவிக்கு இன்னோஜென் என்று பெயர் வைத்திருக்கிறார். ‘சிம்பலின்’ நாயகியின் கணவன் பெயரிலும் லியோனாட்டஸ் இருக்கிறது. அந்தக் காலக் கையெழுத்தில் இரண்டு ‘என்’ சேர்ந்து வந்தால் ‘எம்’ என்று படிப்பது சுலபம். 1986-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு துணிந்து இன்னோஜென் என்றே திருத்திவிட்டது. பெண் என்று பொருள்படும் கேலிக் மொழிச் சொல்லோடு இன்னோஜெனை இணைப்பார்கள். இமோஜெனுக்கோ எந்த மொழியிலும் வேர் கிடையாது. வாசிப்பில் பிறந்த பெயர். செட்ரிக் இதற்குத் தம்பி. வால்டர் ஸ்காட் 1819-இல் வெளிவந்த நாவலில் ஒரு சாக்சன் பிரபுவுக்கு வைத்த பெயர். இங்கிலாந்தில் சாக்சன் மக்கள் அமைத்த வெசெக்ஸ் அரசின் நிறுவனர் என்று சொல்லப்படும் ‘செர்டிக்’ என்பதை எழுத்து இடம் மாற்றி எழுதியதாகத் தெரிகிறது. செர்டிக் என்ற பெயரே சாக்சன் அல்ல, அவர்கள் எதிர்த்துப் போரிட்ட பிரிட்டானியரின் கெல்டிக் பெயர் என்பதால், அந்த அரசகுலத்தின் பூர்வீகத்தையே வரலாற்றாசிரியர்கள் மறுபடி யோசிக்கிறார்கள்.

ஒரே ஓசை பல ஊற்றுகளிலிருந்து வருவது பெயர் தேடுகிறவர்களை அதிகம் குழப்புகிறது. மாயா என்றால் சமஸ்கிருதத்தில் தோற்றமயக்கம், புத்தரின் தாயின் பெயரும் அதுவே. கிரேக்கத்தில் ஹெர்மிஸ் என்ற தெய்வத்தின் தாய் மாயா. எபிரேயத்தில் தண்ணீர் என்ற சொல்லோடு சேர்த்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் சில இடங்களில் மரியாவின் செல்லச் சுருக்கம். கவிஞர் மாயா ஆஞ்சலோவுக்கோ, சின்ன வயதில் அண்ணன் ‘என் தங்கை’ என்று ஆங்கிலத்தில் மழலையாகச் சொன்னதிலிருந்து வந்தது. இவற்றில் எது ‘சரியான’ மாயா என்ற கேள்விக்கே இடமில்லை, ஐந்தும் வேறு வேறு பெயர்கள். இத்ரீஸ் இன்னும் சுவையானது. வேல்ஸ் மொழியில் தலைவன், உணர்ச்சி வேகம் என்ற இரு சொற்களின் சேர்க்கை. அங்கே ஒரு மலைக்கே அந்தப் பெயர். அரபு உலகிலோ அது ஒரு தீர்க்கதரிசியின் பெயர். படிப்பு என்ற பொருள்தரும் வேரிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் அந்தப் பெயர் வேற்றுமை ஏற்கும் விதம் அயல்மொழிப் பெயர்களுக்குரியது, ஆகவே அரபு வேர் பொருந்தாது என்று இடைக்கால அரபு இலக்கணத்தாரிலேயே மறுத்தவர்கள் உண்டு. பக்தியோடு இருந்தவர்கள்தான் அவர்கள், இலக்கணத்தை வளைக்கவில்லை.

ஜப்பானியப் பெயர்களில் கேள்வியே மாறிவிடுகிறது. யூகி என்றால் என்ன என்று ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தச் சித்திர எழுத்தில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பனி, மகிழ்ச்சி, துணிவு எதுவாகவும் இருக்கலாம். எழுத்தைப் பார்த்தாலோ எப்படி உச்சரிப்பது என்பது நிச்சயமில்லை. 2025 மே மாதம் முதல்தான் அங்கே குடும்பப் பதிவேட்டில் பெயரின் உச்சரிப்பும் சட்டப்படி சேர்க்கப்படுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மக்களின் நாட்பெயர்களில் மறைவே இல்லை. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்த, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் அப்படிப் பெயர் பெற்றவர். வெள்ளிக்கிழமை பிறந்த பெண் அஃபுவா அல்லது அஃபிபா. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு ஜமைக்காவில் இறக்கப்பட்ட பெண்களில் அஃபிபாக்கள் இருந்தார்கள். தோட்ட முதலாளிகளின் பதிவேடுகளில் அது ‘ஃபிபா’ ஆயிற்று, ஆங்கிலக் காதுக்கு ‘ஃபீபி’ என்றும் ஆயிற்று. ஃபீபி கிரேக்கப் பெயர். ஒளிமிக்கவள் என்று பொருள். ஒரு கொள்ளுப்பேத்தி தன் கொள்ளுப்பாட்டியின் பெயரைப் பட்டியலில் தேடினால் அந்த ஒளிதான் கிடைக்கும். அந்தப் பாட்டி பிறந்த வெள்ளிக்கிழமை கிடைக்காது. மூலம் தெரியாத பெயர்களில் எனக்கு மிகவும் வலிப்பவை இவைதான், ஏனென்றால் இவை காலத்தால் தேய்ந்தவை அல்ல; சொந்தக்காரரிடம் கேட்காமல் எழுதப்பட்டவை.

ஆகவே பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் பொருளை மட்டும் கேட்டு நிற்க வேண்டாம் என்பேன். இந்தப் பெயர் முதன்முதலில் எங்கே எழுதப்பட்டது, எப்படி எழுதப்பட்டது, யார் சுமந்தார்கள், எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குத் தாவியபோது மாறியது என்று கேட்டுப் பார்க்கலாம். பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை, பத்து இடத்தில் ஒரே அர்த்தம் இருந்தால் பத்து சான்று ஆகாது. ‘பொருள் உறுதியில்லை’ என்று எழுதியிருக்கும் பட்டியல் கிடைத்தால் அதை நம்பலாம், தேடிப் பார்த்த ஒருவர் எழுதியதாக இருக்கும்.

வெண்டி என்ற பெயருக்கு ‘தோழி’ என்று சில பட்டியல்களில் இருக்கும். கவிஞர் ஹென்லியின் மகள் மார்கரெட், நாடக ஆசிரியர் ஜே.எம். பேரியிடம் பிரியமாக இருந்தவள். அவரை ‘ஃப்ரெண்டி’ என்று கூப்பிட நினைப்பாள். ‘ர’ வராத வயது, வாயில் ‘ஃப்வெண்டி’ என்று வரும். 1894-இல், ஐந்து வயதில், அவள் இறந்துபோனாள். பத்து வருடம் கழித்து, 1904 டிசம்பரில், பேரியின் ‘பீட்டர் பேன்’ லண்டனில் மேடையேறியபோது அதன் சிறுமிக்கு வெண்டி என்று பெயர். அதற்கு முன் மிக அரிதாகவே இருந்த அந்தப் பெயரை, அடுத்து வந்த தலைமுறைகளில் எத்தனையோ பேர் தங்கள் மகள்களுக்கு வைத்தார்கள்.